யோகநாதன் கே.

போன மாதம் உங்கள் பத்திரிகையின் ஆசிரியர் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். பழைய ஆள், ஒரு மூலையில் இருந்து கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பீர்கள். நானும் இருந்தேன். ஊரில் பயத்தோடு இருக்கும் ஒரு சாட்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்களில் ஒருவர், நல்ல பிள்ளை, "முதற்பெயரைப் போட்டு, குடும்பப் பெயரை ஒரு எழுத்தாக்கிவிடுவம், அதுதானே இங்கத்தை வழக்கம்" என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் எழும்பிக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தேத்தண்ணியும் குடிக்கவில்லை. மனுசனுக்கு வயசு போய் விசர் பிடித்துவிட்டது என்று கதைத்தீர்களாம். விசர்தான். அந்த விசர் எங்கே பிடித்தது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவனல்ல. ஃப்ரிபூர்க்கில் படிக்க வந்தேன். படிப்பு ஏறவில்லை, ஜெர்மன் மட்டும் ஒட்டிக்கொண்டது. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரிலிருந்து எங்கள் பெடியள் வந்து இறங்கத் தொடங்கியபோது, அவர்களுடைய அகதி விசாரணைகளில் மொழிபெயர்க்க ஆள் இல்லை. அப்படித்தான் என் வயிற்றுப்பாடு நடந்தது. சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் ஒரு அறை. கீழே தொழிற்சாலை, மேலே நாங்கள் நாலு பேர். எனக்கு ஜெர்மன் தெரியும் என்று ஒரு நாள் சூரிச்சிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். ஒரு மாத இதழின் ஆசிரியராம். "எங்களுக்கு உங்கட ஆக்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வந்து சொல்லித்தாரும்" என்றார். ஜெர்மனில்தான் சொன்னார். இந்தக் கதையில் ஜெர்மனில் பேசுகிறவர்கள் சொல்வதை எல்லாம் நான் எங்கட தமிழில்தான் சொல்லப்போகிறேன். என் மண்டைக்குள் அவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அந்த இதழை உங்களில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டீர்கள். சாம்பல் நிற அட்டை. முன்பாதி அரசியல், பின்பாதி கவிதையும் நாடக விமர்சனமும். நாஜிகள் வந்தபோது ஜெர்மனியை விட்டு ஓடி வந்த சிலர் சூரிச்சில் ஒரு பின்னறையில் தொடங்கியது. அந்த நாளில் இந்த நாட்டு அதிகாரிகளுக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. வேலை செய்யக்கூடாது, அரசியல் பேசக்கூடாது, எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். எங்களுக்கும் அதே கேள்விதானே. அதனாலேயே எனக்கு அந்த இதழில் ஒரு ஒட்டு வந்தது. போர் முடிந்ததும் பாதிப்பேர் திரும்பிப் போனார்கள். மிச்சப்பேர் ஹைஃபாவிலும் புவனஸ் அயர்ஸிலும் நியூயோர்க்கிலும் கிழவர்களாக இருந்துகொண்டு சந்தா கட்டினார்கள்.

ஆசிரியரை நாங்கள் 'ஷெஃபின்' என்றே அழைப்போம். தலைவி என்று பொருள். சின்னப் பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லை கடந்து வந்தவர். நான் சேர்ந்தபோது அறுபது தாண்டியிருந்தார். ஓயாமல் சிகரெட். வாய் பொல்லாத வாய். "பலர் சொல்கிறார்கள்" என்று நான் ஒரு கட்டுரையில் எழுதியதற்கு, "யார் அந்தப் பலர்? கூட்டிக்கொண்டு வாரும், கோப்பி குடுப்பம்" என்று தாளை என்னிடமே எறிந்தார். எனக்கு அழுகை வராத குறை.

அங்கே இரண்டு வழக்கங்கள் இருந்தன. இரண்டும் அந்தப் பழைய நாட்களிலிருந்து வந்தவை. ஒன்று, வெளிநாட்டுப் பிரதிகள்தான் முதலில் போகும். அச்சகத்திலிருந்தே விமானத் தபாலுக்குக் கொடுத்துவிடுவார்கள். தூரத்தில் இருப்பவன்தான் அதிகம் காத்திருக்கிறான், அவனுக்கு முதலில் என்பது அவர்களுடைய பெருமை. மற்றது, சாட்சியின் பெயர். எதிரியின் கைக்குள் இருக்கும் ஒருவனுக்குக் கற்பனைப் பெயர் வைக்கக்கூடாது, பெயரில்லாமலும் விடக்கூடாது. பெயரே இல்லாவிட்டால் கட்டுக்கதை என்பார்கள். ஆகவே முதற்பெயரைப் போடு, குடும்பப் பெயரை ஒரு எழுத்தாக்கு. ஹான்ஸ் எம். ஜெர்மனி முழுக்க எத்தனை ஹான்ஸ், எத்தனை எம்! தேடுகிறவன் களைத்துப்போவான். அந்த முறை ஒரு காலத்தில் பல உயிர்களைக் காப்பாற்றியது என்று ஷெஃபின் சொல்வார். நான் அதை நம்புகிறேன், இன்றைக்கும்.

இனிக் குணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். குணரத்தினம். டாவோசில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் கோப்பை கழுவினார். இருபத்தைந்து வயதிருக்கும். அங்கே எல்லோரும் அவரை 'ஹெர் கந்தையா', அதாவது திரு கந்தையா, என்பார்கள். கந்தையா அவருடைய அப்பா. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து, காய்ச்சலில் செத்து எத்தனையோ வருடம். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர், பிறகு எங்கள் பெயர், அவ்வளவுதான். இங்கே வந்ததும் படிவத்தில் இரண்டு பெட்டி. ஒன்றில் அப்பா போய்க் குந்திக்கொண்டார். "முதல் கிழமை கந்தையா எண்டு கூப்பிட நான் பின்னால திரும்பித் திரும்பிப் பாத்தனான் அண்ணை, அப்பா எங்க நிக்கிறார் எண்டு" என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

அவருக்கு ஒரேயொரு தம்பி, யோகநாதன். இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்த் தெற்கே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். அம்மா பஸ் மாறி மாறிப் போய்ப் பார்ப்பா. ஒரு தடவை, காவலன் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், உள்ளே என்ன நடக்கிறது என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். எப்படி அடிக்கிறார்கள், யாரைக் கொண்டுபோனார்கள், யார் திரும்பி வரவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து ஒன்றும் விடாமல் ஒரு கசெற்றில் பேசி, வெளிநாடு வரும் ஒருவரிடம் கொடுத்து மூத்தவனுக்கு அனுப்பினா. அந்த நாளில் நாங்கள் எழுதியதைவிடக் கசெற்றில் பேசி அனுப்பியதுதான் அதிகம். குணம் அதைக் கொண்டுவந்து என் அறையில் போட்டார். அம்மாவின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கடைச் சாமான் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனா. இடையில் ஒரு இடத்தில் மட்டும், "பொறு மோனை, ஆடு கத்துது, பாத்திட்டு வாறன்" என்று எழும்பிப் போய், கொஞ்சம் பொறுத்து வந்து தொடர்ந்தா. ஆடு கத்தியது கசெற்றில் கேட்கவே இல்லை.

அந்த நாட்களில் இங்கே ஒரே கதை, தமிழரைத் திருப்பி அனுப்பலாமா என்பதுதான். அங்கே இப்போது பயமில்லை என்று பெரியவர்கள் பேசினார்கள். அந்தக் கசெற் அதற்குப் பதில். ஷெஃபின் நான் மொழிபெயர்த்ததை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "நடுப்பக்கம் முழுக்க இதுதான்" என்றார். நான் வழக்கத்தை மீறி "ஒரு கைதி" என்று மட்டும் எழுதியிருந்தேன், ஷெஃபினும் அதை மாற்றவில்லை. முழுப்பெயரை ஆசிரியர் மேசை தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் தனியாகச் சொல்லிவைத்தேன். இங்கே பேட்டி கொடுத்தவருக்கு எழுதியதைக் காட்டிச் சம்மதம் வாங்குகிற நல்ல பழக்கம் உண்டு. குணத்துக்கும் வாசித்துக் காட்டினேன். "சரி அண்ணை. தம்பியின்ர பேர் எங்கயும் வராதுதானே?" என்றார். வராது என்றேன். அப்போது அது உண்மை.

பக்கங்கள் அச்சுக்குப் போன நாள் நான் பேர்னில் இருந்தேன். வேறொரு பெடியனின் விசாரணை. அன்றைக்கு மேசையில் இருந்தவர் ஊர்ஸ். எங்கள் துணை ஆசிரியர், பாஸல்காரர். ஒரு கால்புள்ளிக்காக அரைமணி நேரம் யோசிக்கிற ஆள். தமிழர் என்றால் உயிர். எங்களோடு சேர்ந்து கையால் சோறு சாப்பிட்டுப் பழகியவர். அவர் கடைசியாக ஒருமுறை பார்க்கும்போது, "ஒரு கைதி" என்று இருக்கிறதே, விதிப்படி இல்லையே, நாளைக்கு இதைக் கட்டுக்கதை என்று சொல்லிவிடுவார்களே என்று பதறி, இதழின் வழக்கப்படி திருத்தினார். யோகநாதன் கே. குடும்பப் பெயரைக் கவனமாக மறைத்துவிட்டார். மனுசன் அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

கட்டுகள் வந்து இறங்கியபோது நான் கோப்பியோடு நின்றேன். முதல் கட்டை அறுத்து, ஆசையாக நடுப்பக்கத்தை விரித்தேன். அந்தப் பெயர் கண்ணில் பட்டதும் கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. பிறகுதான் காலில் சுட்டது.

"ஆர் இதைப் போட்டது?" என்று கத்தினேன்.

ஊர்ஸ் சிரித்த முகத்தோடு எழும்பி வந்தார். "நான்தான். குடும்பப் பேரை எடுத்துப்போட்டன்தானே?"

"டேய், கந்தையா அவன்ர குடும்பமில்லையடா, அப்பன்! செத்த மனுசன்! நீ அப்பனை ஒளிச்சுப்போட்டு மகனைக் காட்டிக் குடுத்திருக்கிறாய்!"

அவருக்கு உடனே விளங்கவில்லை. எங்கள் பெயர் எப்படி என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். அந்த முகாமில் யோகநாதன் எத்தனை பேர் இருப்பார்கள், அதில் தகப்பன் பெயர் ககரத்தில் தொடங்குகிறவன் எத்தனை பேர், அதில் தாய் வந்து பார்த்தவன் எத்தனை பேர் என்று கேட்டேன். அப்போதுதான் விளங்கியது. அப்படியே கட்டுகளின் மேல் இருந்துவிட்டார். அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு அதுவும் முடியவில்லை.

இனிக் கவனமாக வாசியுங்கள். தவறு எல்லோருக்கும் வரும். அதற்குப் பிறகு வருகிற ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் இந்தத் தொழில்.

ஷெஃபின் ஊர்ஸை ஒரு சொல் ஏசவில்லை. அது எனக்கு அப்போது கோபம். "ஏசுறதுக்குப் பிறகு நேரம் இருக்கு" என்றார். உள்நாட்டுப் பிரதிகள் பெரிய தபாற்கந்தோருக்குப் போயிருந்தன. "ஓடு, மறி" என்று ஊர்ஸை அனுப்பினார். அவர் கோட்டும் போடாமல் ஓடினார். மறித்தும்விட்டார். ஆனால் வெளிநாட்டுப் பிரதிகள்? தூரத்தில் இருப்பவனுக்கு முதலில். அவை முதல்நாளே விமானம் ஏறிவிட்டன. அந்தப் பெருமையான வழக்கம்! கொழும்பில் எங்களுக்கு ஒரேயொரு சந்தாதாரர்தான். ஆனால் அது ஒரு வாசிகசாலை. மேசையில் விரித்து வைப்பார்கள், யாரும் வந்து வாசிக்கலாம்.

"வாசிகசாலைக்குத் தொலைபேசி எடுத்து, அந்த இதழை வெளியில வைக்கவேண்டாம் எண்டு சொல்லுவம்" என்றேன் நான்.

"சொன்ன உடன அந்த ஆள் முதல் வேலையா என்ன செய்வான்? அந்தப் பக்கத்தை விரிச்சுப் பாப்பான்" என்றார் ஷெஃபின். "போனை வையும்."

ஊர்ஸ் திரும்பி வந்து, மூச்சு வாங்க, வேறொன்று சொன்னார். பேசாமல் இருப்பதைவிட ஒரேயடியாகச் சத்தம் போடலாம். முழுப்பெயரையும் எல்லாப் பத்திரிகைக்கும் கொடுப்போம். இவனை உலகத்துக்கே தெரியும் என்று ஆக்கினால் கைவைக்கப் பயப்படுவார்கள். நான் பாய்ந்தேன். "உனக்கு விசரோ? பேசாம இரு. கொழும்பில ஜெர்மன் வாசிக்கிறவன் எத்தனை பேர்? ஒருத்தன்ர கண்ணிலயும் படாமல் போகலாம்." இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினோம். இரண்டிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

ஷெஃபின் சாம்பல் கிண்ணத்தால் மேசையில் ஓங்கித் தட்டினார். "மூண்டு பேரும் வாயை மூடுவம். இது எங்கட தம்பி இல்லை. அவரைக் கூப்பிடும்."

ஹோட்டலுக்குப் போன் எடுத்தேன். சமையலறையில் கோப்பை மோதும் சத்தத்துக்கு நடுவில் குணம் "ஹலோ" என்றார்.

"குணம், உடன வெளிக்கிட்டு சூரிச்சுக்கு வாரும்."

"ஏன் அண்ணை? தம்பிக்கு ஏதுமோ?"

"இன்னும் ஒண்டுமில்லை."

அந்த 'இன்னும்' என் வாயில் எப்படி வந்ததோ தெரியாது. அவர் போனை வைத்துவிட்டார். டாவோசிலிருந்து ரயில் மாறி வந்து சேர மூன்று மணித்தியாலம் எடுக்கும். அந்த நேரம் முழுக்க அந்தச் சொல்லோடு தனியாக இருந்திருப்பார். தொலைபேசியில் இரண்டு சொல் கூடுதலாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியான நேரத்தில் நீங்கள் சொல்லுங்கள்.

பின்னேரம் வந்தார். சமையலறைச் சப்பாத்தோடே, உடம்பெல்லாம் கோப்பை கழுவுகிற சவர்க்கார வாசத்தோடே வந்தார். ஊர்ஸ்தான் சொல்லுவேன் என்று நின்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஊர்ஸின் குரல் உடைந்தது. நான் மொழிபெயர்ப்பாளன், என் குரல் உடையக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். குணம் ஊர்ஸைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்கள் எங்க போனனீங்கள் அண்ணை?"

"பேர்னுக்கு. ஒரு பெடியன்ர கேஸ்."

"ஓம். ஆரோ ஒரு பெடியன்" என்றார். அவ்வளவுதான். ஊர்ஸை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

இருக்கிற இரண்டு வழியையும் சொன்னேன். பேசாமல் இருப்பது, அல்லது சத்தம் போடுவது. குணம் தன் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. பிறகு ஷெஃபினைக் காட்டி, "இவவைக் கேளுங்கோ. இவையின்ர காலத்தில இவை என்ன செய்தவை?" என்றார்.

நான் அதுவரை கேட்கத் துணியாத கேள்வி அது. ஷெஃபின் சிகரெட்டை அணைத்தார்.

"என்ர அப்பா உள்ளுக்கு இருந்தவர்" என்றார். "பேரைப் போடுறதோ விடுறதோ எண்டு இந்த மேசையிலதான் கதைச்சவை. அம்மா விடச் சொன்னா. நாங்கள் பேசாமல் இருந்தம். அப்பா வரேல்லை. சத்தம் போட்டிருந்தா வந்திருப்பாரோ? எனக்குத் தெரியாது. அம்மா சாகும்வரைக்கும் அதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தவ. எனக்குத் தெரியாததை இவருக்குப் புத்தியாச் சொல்ல மாட்டன் எண்டு சொல்லும்."

சொன்னேன். குணம் தலையை ஆட்டினார். ஜன்னலடிக்குப் போய் நின்றார். கீழே ட்ராம் போய்க்கொண்டிருந்தது. பிறகு திரும்பி, "போடுங்கோ" என்றார். "ஒளிச்சு வைக்கலாம் எண்ட காலம் நேற்றோட போயிட்டுது. கொழும்பில ஒருத்தன் வாசிச்சாக் காணும். அப்ப எல்லாரும் வாசிக்கட்டும். அப்பான்ர பேர், அவன்ர பேர், ஊர், முகாம், எல்லாம் போடுங்கோ."

ஷெஃபின் உடனே பேனாவை எடுக்கவில்லை. இன்னொருமுறை, வேறு விதமாகக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அதே பதில். பிறகு என்னைப் பார்த்து, "நீர் வெளியில போம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் பேசாமல் இருக்கவேண்டும் என்று நினைக்கிறவன், அது என் குரலில் கலந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே குணம், கோப்பை கழுவிக் கழுவிக் காதால் பிடித்த ஜெர்மனில், "யா. கான்ஸெ நாமெ" என்று சொன்னது கேட்டது. ஓம், முழுப்பெயர். யாருடைய இரத்தமோ, முடிவு அவருடையது. அதையும் இரண்டு தரம் கேள். நடுவில் இருக்கிற உன்னை விலக்கிவிட்டு மூன்றாம் தரம் கேள். இதை நான் ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லை, அந்தக் கதவுக்கு வெளியே நின்றுதான் படித்தேன்.

மறித்த பிரதிகளுக்குள் ஒரு தனித்தாள் வைத்து அனுப்பினோம். கந்தையா யோகநாதன், இன்னாருடைய மகன், இந்த ஊர், இந்த முகாம், இவனுடைய உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தோம். மற்றப் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன. பாராளுமன்றத்தில் ஒருவர் எழும்பிக் கேள்வி கேட்டார். பேர்னிலிருந்து, இந்த நாட்டு அரசாங்கத்தின் பெயரிலேயே, கொழும்புக்கு முறைப்படி விசாரணை போகிறது என்று செய்தி வந்த அன்று, நானும் ஊர்ஸும் கீழேயிருந்த கடைக்குப் போய் பியர் குடித்தோம். இனி அவனில் கைவைக்க மாட்டார்கள் என்று நானே சொன்னேன். குணத்துக்கு போன் எடுத்து, "உம்மட தம்பி இப்ப பெரிய ஆள்" என்று பகிடியும் விட்டேன். அவர் சிரித்தார். நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு அம்மாவின் அடுத்த கசெற் வந்தது. முகாம் வாசலில் மறித்துவிட்டார்களாம். இங்கே அப்படி ஒருவரும் இல்லை, வேறிடத்துக்கு மாற்றியாயிற்று என்றார்களாம். எந்த இடம் என்று கேட்டதற்கு, வெளிநாட்டுக்காரரைக் கேள் என்றார்களாம். இந்தமுறை ஆடு ஒன்றும் கத்தவில்லை. இடையில் எழும்பிப் போகாமலே அம்மா அழுதா.

பேர்னுக்குக் கொழும்பிலிருந்து பதில் வந்தது. ஷெஃபின் அதை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். இரண்டு தரம் வாசித்தேன். கந்தையா என்ற பெயருடையவர் எந்தக் காவலிலும் இல்லை. மேற்படி கந்தையா, அந்த ஊர்ச் சங்கக்கடையின் முன்னாள் மனேஜர், பல வருடங்களுக்கு முன் காய்ச்சலினால் இயற்கை மரணம் அடைந்தார். மரணச் சான்றிதழின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

நாங்கள் இதழில் சரியாகத்தான் எழுதியிருந்தோம். ஆனால் பேர்னில் ஒருவர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், விசாரணையை இங்கத்தை ஒழுங்கில் எழுதியிருக்கிறார். குடும்பப் பெயர் பெட்டியில் கந்தையா. காணாமல் போனவர் 'ஹெர் கந்தையா'. கொழும்பில் அதை வாசித்தவன் எங்கள் பெயர்முறை தெரிந்த நாட்டுக்காரன். எந்தக் கந்தையா, எந்த மகன் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் சங்கக்கடை வரை போய்ச் சான்றிதழ் எடுத்திருப்பானா? தெரிந்துகொண்டே, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறான். அந்தப் பதிலில் ஒரு பொய்யும் இல்லை.

சாம்பல் கிண்ணம் சுவரில் போய் உடைந்தது. எறிந்தது ஷெஃபின். சரியான பெயரோடு இரண்டாம் விசாரணை அனுப்ப வைத்தோம். இந்த விடயத்துக்கு ஏற்கெனவே பதில் தரப்பட்டுள்ளது என்று ஒரே வரி வந்தது. செத்தவரைத் தேடுகிறார்கள் என்று ஒரு பத்திரிகை எங்களை நக்கலடித்தது. மற்றவை வேறு செய்திக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு இதழின் கடைசிப் பக்கத்தில் மாதா மாதம் அந்தப் பெயரை முழுதாகப் போட்டோம், எங்கே என்ற ஒற்றைக் கேள்வியோடு. பெயரை எடுத்து வைப்பதும் சரிபார்ப்பதும் ஊர்ஸ்தான். வேறு ஒருவரையும் தொட விடமாட்டார். சந்தாதாரர்கள் ஒவ்வொருவராகச் செத்து, அந்தப் பத்தாண்டு முடிகிறபோது இதழும் நின்றது. கடைசி இதழிலும் அந்தப் பெயர் இருந்தது. இன்றைக்கு இங்கே நானும் முழுதாக எழுதுகிறேன். குணம் அப்படித்தான் கேட்டிருக்கிறார். கந்தையா யோகநாதன்.

கொழும்பிலிருந்து முதல் பதில் வந்த கிழமை, குணம் லீவு போட்டுவிட்டு ஷ்லீரனுக்கு என் அறைக்கு வந்தார். அந்தப் பதிலைத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"அண்ணை, அப்பா செத்திட்டார் எண்டுதானே எழுதியிருக்கிறாங்கள்? அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே. தம்பியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. செத்திருந்தா அதையும் எழுதியிருப்பாங்கள்தானே? அப்ப அவன் இருக்கிறான். என்ன அண்ணை?"

ஷெஃபின் பக்கத்தில் இருந்திருந்தால், யார் சொன்னது, எங்கே ஆதாரம் என்று கேட்டிருப்பார். நானும் உங்களுக்கு இத்தனை வருடமாக அதைத்தான் சொல்லித் தருகிறேன். ஆதாரமில்லாமல் ஒரு சொல் வாயில் வரக்கூடாது என்று எத்தனை பேரை ஏசியிருக்கிறேன்.

"ஓம் குணம்" என்றேன். "இருக்கிறான்."

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டா. குணத்துக்கு இப்போது பேரப்பிள்ளைகள். டாவோசிலேயே இருக்கிறார், ஓய்வூதியம் எடுத்துவிட்டார். போன கிழமையும் போன் எடுத்து, சுகம் விசாரித்து, முழங்கால் நோவைச் சொல்லி, கடைசியில் குரலைத் தாழ்த்தி அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். உங்களில் யாராவது ஒருநாள் பழைய கதை தேடிக்கொண்டு அவரிடம் போவீர்கள், எனக்குத் தெரியும். போங்கள். பெயரைச் சரியாக எழுதுங்கள், வாசித்துக் காட்டுங்கள், இரண்டு தரம் கேளுங்கள். அவர் உங்களிடமும் அதைக் கேட்பார். அப்போது மட்டும் நான் சொல்லித் தந்த எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ஓம் என்று சொல்லுங்கள்.